டிவிடி பிளேயரில் ஓடாத பாடம் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வராமல் முழுவதையும் வாசியுங்கள்.

2022 ஜூன் மாதம் தொடக்கம் எரிபொருள் இல்லை என்று கொழும்புப் பாடசாலைகளை மூடி வைத்திருந்தார்கள். ஒன்லைன் வகுப்பு மறுபடி தொடங்கியது. அதற்குள் நம் பகுதியில் இரண்டு மூன்று குழுக்கள் நல்ல மனதோடு ஒரு வேலையில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆசிரியர்களைக் கொண்டு பாடங்களைப் பதிந்து, பென் டிரைவில் போட்டு, டேட்டா வாங்க முடியாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்களாம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: கொடுப்பதற்கு முன் அந்தப் பென் டிரைவை ஒரு பழைய டிவிடி பிளேயரில் குத்திப் பாருங்கள்.

"டிவிடி பிளேயரா? இந்தக் காலத்திலா?" என்று சிரிப்பவர்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்துகொண்டு ஸ்மார்ட் டிவி பார்ப்பவர்களாக இருக்கலாம். கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், மட்டக்குளிப் பக்கத் தோட்டங்களுக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்காமல் கால்வாய்ப் பக்கம் போனால் வெள்ளவத்தையிலும் அதே காட்சிதான். வீட்டுக்கு ஒரு போன். அது வாப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். வீட்டில் இருப்பது ஒரு பழைய பெட்டி டிவி, அதன் மேல் துணி போட்டு மூடிய ஒரு டிவிடி பிளேயர். டொலர் 200 ரூபாயாக இருந்து 2022 இல் 360 ஐத் தாண்டிய பிறகு அந்தப் பிளேயரை யாரும் மாற்றப் போவதில்லை.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒக்டோபர் கடைசியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளெல்லாம் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் அடைபட்டன. வாட்ஸ்அப்பில் பாடம், சூமில் பாடம். நேத்ரா டிவியில் குருகெதர ஓடியது, அது நல்ல முயற்சி. ஆனால் டிவியில் ஓடும் பாடத்தை நிறுத்த முடியாது, "டீச்சர், இன்னொருக்கா" என்று கேட்கவும் முடியாது. அந்த நேரத்தில்தான் ஒரு நலன்விரும்பிகள் குழு, பெயர் வேண்டாம், பென் டிரைவில் பாடங்கள் கொடுத்தது.

ஒரு வாரம் கழித்து என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா போன் எடுத்தார். "டீச்சர், அந்தப் பென்ல ஒண்டும் இல்ல. வெறும் பெட்டி பெட்டியாக் காட்டுது. எங்கட பிளேயர் பழுதா தெரியல்ல." அவருக்குப் பிறகு இன்னும் சிலர். ஒரு வீட்டில் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. இன்னொரு வீட்டில் படம் வருகிறது, ஆசிரியர் ஊமை. மற்றொரு வீட்டில் பென் டிரைவைக் குத்தியதும் பிளேயர் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாப்பா ஊரடங்கு தளர்ந்ததும் பிளேயரைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்குத் திருத்தப் போனார். பிளேயரில் பழுது எதுவும் இல்லை.

எனக்கு மனது வலித்தது அதற்கப்புறம்தான். குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதியிருந்தார்: "வீடு தேடிக் கொடுத்தும் பார்க்காத பெற்றோரை என்ன செய்வது?" பார்க்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, பார்க்கவில்லை என்று பழி. அந்த வருடச் சாதாரண தரப் பரீட்சை தள்ளிப் போய் 2021 மார்ச்சில்தான் நடந்தது. மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தும் சில பிள்ளைகளுக்கு அந்தப் பாடங்கள் கிடைக்கவே இல்லை. "அக்கறை இல்லாத வீடு" என்ற பெயர் மட்டும் கிடைத்தது.

ஏன் ஓடவில்லை? இது மந்திரமும் இல்லை, வைரஸும் இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டிவிடி 1996 இல் வந்தபோது அதன் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் உள்ள பால் முறை டிவிக்கு 720க்கு 576 புள்ளி. எந்த டிவிடி பிளேயரும் இதைக் கட்டாயம் ஓட்டும். அதற்கு முந்திய விசிடியையும் ஏறக்குறைய எல்லாப் பிளேயரும் ஓட்டும். அது எம்பெக்-1, 352க்கு 288, ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு மாற்றிய காலம் நினைவிருக்கும்.

பிறகு வந்தது எம்பெக்-4. இதன் முதல் பிறப்பு 1999. அந்தக் கால கட்டத்தில் மைக்ரோசொப்டின் ஒரு கொடெக்கை உடைத்து மாற்றி வெளிவந்ததுதான் முதல் டிவ்எக்ஸ். 2001 இல் ஒரு திறந்த மூலக் குழு தன் கொடெக்குக்கு எக்ஸ்விட் என்று பெயர் வைத்தது, டிவ்எக்ஸைத் திருப்பி எழுதி. இரண்டு மணித்தியாலப் படத்தை ஒரு 700 எம்பி சீடிக்குள் அடக்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. கணினியில் மட்டும் ஓடிய இதை வீட்டுப் பிளேயருக்குக் கொண்டுவந்ததில் முன்னால் நின்றது டென்மார்க்கின் கிஸ் என்ற கொம்பனி, 2003 வாக்கில், சிக்மா டிசைன்ஸ் சிப்பை வைத்து. (அந்தச் சிக்மாவே 2002 இல் எக்ஸ்விட்டின் நிரலைத் திருடியதாகச் சொல்லி எக்ஸ்விட்காரர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். சிக்மா கடைசியில் தன் நிரலை வெளியிட வேண்டி வந்தது. சுவையான கதை, இன்னொரு நாளைக்கு.) அதற்குப் பிறகு சில வருடங்களில் சீனத் தயாரிப்பு மலிவுப் பிளேயர்களிலெல்லாம் அந்த வசதி வந்துவிட்டது. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான்.

இப்போது குழப்பத்தின் மூலத்துக்கு வருகிறேன். பிளேயரின் நெற்றியில் "எம்பெக்-4" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பென் டிரைவில் இருப்பது "எம்பி4" ஃபைல். இரண்டும் ஒன்றுதானே என்று யாரும் நினைப்பார்கள். ஒன்றல்ல. பிளேயர் சொல்லும் எம்பெக்-4 என்பது இரண்டாம் பாகம், அதாவது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை. ஏவிஐ என்ற பெட்டிக்குள் வரும். நம் போன் பதியும் எம்பி4 க்குள் இருப்பது பத்தாம் பாகம், எச்.264 என்பார்கள், 2003 இல் வந்தது. சத்தம் ஏஏசி. புதிய போன்களில் அதையும் தாண்டி எச்.265. பழைய பிளேயரின் சிப்புக்கு இது எதுவும் தெரியாது. தெரியாததை அதற்குக் கற்பிக்கவும் முடியாது. கணினி மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டுச் சரிசெய்கிற சாமான் இல்லை அது. ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் வாங்குபவர் என்ன விளங்கிக்கொள்வார் என்று தெரிந்தே ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் என்பது என் அபிப்பிராயம்.

சோற்றுப் பார்சலை நினைத்துக்கொள்ளுங்கள். எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் சுற்றியிருக்கும் தாள். உள்ளே இருப்பது சோறா, கொத்தா, புரியாணியா என்பது வேறு விஷயம். ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை எம்பி4 இலிருந்து ஏவிஐ என்று மாற்றினால் ஓடும் என்று ஒரு நானா கொமெண்டில் எழுதியிருந்தார். தாளை மாற்றினால் கொத்து புரியாணி ஆகுமா?

ஏவிஐ ஆக இருந்தும் ஓடாத சந்தர்ப்பங்களும் உண்டு. அகலம் 720 ஐத் தாண்டினால் ஓடாது. 1080 இல் பதிந்ததை அப்படியே ஏவிஐ ஆக்கிப் பயனில்லை. எக்ஸ்விட் அமைப்பில் கியூபெல், ஜிஎம்சி என்று இரண்டு தெரிவுகள் உண்டு. தரம் கூடும் என்று அவற்றை டிக் பண்ணினால் பல பிளேயர்களில் படம் சிதறும். சத்தத்தை எம்பி3 ஆக வைக்க வேண்டும். பென் டிரைவ் ஃபெட்32 முறையில் ஃபோர்மட் பண்ணியிருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபெட் என்றால் பெரும்பாலான பழைய பிளேயர்கள் திரும்பியும் பார்க்காது. ஃபெட்32 இல் ஒரு ஃபைல் 4 ஜிபி ஐத் தாண்ட முடியாது. போனில் வினாடிக்கு 17 மெகாபிட் அளவில் 40 நிமிடப் பாடம் பதிந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 ஜிபி. அது பென் டிரைவுக்குள் நுழையவே நுழையாது. அந்த உம்மா சொன்ன "பெட்டி பெட்டி"? ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். பிளேயரின் திரைக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தும் இலக்கமுமாகச் சின்னப் பெயர் வையுங்கள். தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு, ஆனால் பிள்ளைக்கு மூன்றாம் பாடம் எது என்று தெரிய வேண்டும்.

இனிமேல் சொல்லப் போவது தொழில்நுட்பக்காரர்கள் கவனிக்காத, ஆனால் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன் என்றும் சொல்லலாம்.

வீடியோவைச் சுருக்கும்போது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத சின்ன விவரங்களைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. தமிழில் என்ன நடக்கும்? புள்ளி போய்விடும். 'கல்' என்று எழுதினால் திரையில் 'கல' என்று தெரியும். 'பல்' 'பல' ஆகும். 'வண்டு' 'வணடு' ஆகும். 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகிவிடும், சுழி மங்கிவிடும். வளர்ந்த நாம் ஊகித்து வாசித்துவிடுவோம். தரம் 1, 2 பிள்ளை ஊகிக்காது, கண்ணில் தெரிவதைத்தான் வாசிக்கும், அதையே கொப்பியில் எழுதும். பவர்பொயின்டில் சின்ன எழுத்தில் எட்டு வரி தட்டி அதை 14 அங்குல பெட்டி டிவிக்கு அனுப்புகிறவர்கள் ஒரு தடவை அந்த டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பெட்டி டிவிகள் படத்தின் ஓரங்களை வெட்டும். திரையின் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். மெல்லிய கிடைக்கோடுகள் அந்த டிவிகளில் துடிக்கும். கணித அட்டவணைக்குத் தடித்த கோடு போடுங்கள். கல்வியியற் கல்லூரியில் கரும்பலகைப் பயன்பாட்டுக்கு எங்களுக்குப் புள்ளி போட்டார்கள்: கடைசி வாங்குப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும், ஒரு வரியில் இத்தனை சொல்தான் என்று. அந்த விதி வீடியோவுக்கும் அப்படியே பொருந்தும். கடைசி வாங்கு இப்போது புளூமெண்டலில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலர் கேட்பார்கள், கரண்ட் போனால் டிவிடி பிளேயர் என்ன செய்யும், போனாவது பெட்டரியில் ஓடும் என்று. நியாயமான கேள்வி. 2022 மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாட்டில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் 2022 இல் கரண்ட் எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று முன்கூட்டியே அட்டவணை வந்தது. தட்டில் இருக்கும் பாடத்தைக் கரண்ட் உள்ள நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். டிவியில் காலை பத்து மணிக்கு ஓடும் பாடம் உங்கள் பகுதியில் கரண்ட் இல்லாத நேரம் ஓடினால் அது போனது போனதுதான். சூம் வகுப்பும் அப்படியே. போனில் சார்ஜ் இருந்தாலும் நீண்ட வெட்டில் சிக்னல் விழுந்துவிடுகிறது. ரீலோட் போட்ட காசும் சேர்ந்து போகும்.

"ஸ்மார்ட் போன் நன்கொடை கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததே" என்றும் ஒருவர் சொன்னார். கொடுக்க வசதி உள்ளவர்கள் தாராளமாகக் கொடுங்கள். ஒரு போன் விலைக்கு எத்தனை வீட்டுக்குத் தட்டு அடித்துக் கொடுக்கலாம் என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் போன் ஒருவர் கையில்தான் இருக்கும். டிவி என்றால் மூவரும் பார்ப்பார்கள், உம்மாவும் சமைத்துக்கொண்டே கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரும். ஒரு வீடு பார்த்து முடித்ததும் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அதற்கு டேட்டா தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் முதல் விருப்பம் பென் டிரைவே வேண்டாம், தட்டு அடியுங்கள் என்பதுதான். டேட்டாத் தட்டு அல்ல, முறையான டிவிடி வீடியோ. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் போன் வீடியோக்களைப் போட்டால் அதுவே எம்பெக்-2 ஆக மாற்றி, மெனுவும் வைத்துத் தரும். மெனுவில் தமிழில் தலைப்பும் போடலாம், ஏனென்றால் அங்கே அது படம், எழுத்தல்ல. பால் முறையைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம். 4.7 ஜிபி தட்டு ஒன்றில் நல்ல தரத்தில் இரண்டு மணித்தியாலம் போகும், அதாவது 40 நிமிடப் பாடம் மூன்று. விசிடி அளவுக்கு இறக்கினால் ஆறு மணித்தியாலம்கூட அடைக்கலாம், ஆனால் புள்ளி போன கதையை மறந்துவிடாதீர்கள். ஆசிரியர் பேசுவது மட்டுமே இருக்கிற பாடத்துக்குச் சரி, எழுத்து காட்டும் பாடத்துக்கு வேண்டாம். எழுதும் வேகத்தைக் குறைத்து அடியுங்கள், முடிவில் தட்டை மூடுங்கள், ஃபைனலைஸ் என்பது அதுதான். மூடாத தட்டு அடித்த கணினியில் மட்டும் ஓடும்.

தட்டு அடிக்க முடியாது, பென் டிரைவ்தான் என்றால் எக்ஸ்விட், எம்பி3, ஏவிஐ, 720க்கு 576, வினாடிக்கு 25 படம், அதற்கு மேல் போகாதீர்கள். மலிவுப் பிளேயர்களின் யூஎஸ்பி வாய் மெதுவானது, அதனால் பிட்ரேட்டையும் அளவோடு வையுங்கள். ஒரு மெகாபிட், ஒன்றரை மெகாபிட் பாடத்துக்குப் போதும். எவிடெமக்ஸில் இதைச் செய்யலாம், அதுவும் இலவசம். எல்லோரும் புகழும் ஹாண்ட்பிரேக் இதற்கு உதவாது; அது 2009 இலேயே ஏவிஐயையும் எக்ஸ்விட்டையும் கைவிட்டுவிட்டது. நல்ல மென்பொருள்தான், ஆனால் அது பார்ப்பது புதிய சாதனங்களை, நாம் பார்ப்பது பழைய வீடுகளை.

எந்த வழியாக இருந்தாலும் கணினியில் விஎல்சியில் ஓடுகிறது என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். விஎல்சி எதையும் ஓட்டும், அதனால்தான் அது சோதனைக்கு உதவாது. முதல் பிரதியை இரண்டு வெவ்வேறு பிளேயர்களில் போட்டு, ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் பார்த்துவிட்டு மற்றப் பிரதிகளை அடியுங்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். இப்போது எல்லோரும் பென் டிரைவில் 4கே என்று கொடுக்கிறீர்கள், சந்தோஷம். மாப்பிள்ளையின் மூத்தம்மா வீட்டில் அது ஓடாது. கேட்காவிட்டாலும் ஒரு டிவிடி சேர்த்துக் கொடுங்கள். 2000 களில் அடித்த பழைய தட்டுகள் வைத்திருப்பவர்கள் அவற்றை இந்த வருடமே கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. வீட்டில் அடித்த தட்டின் சாயம் காலத்தோடு மங்கும், தட்டுப் போடும் வாயுள்ள மடிக்கணினிகளும் கடைகளில் அரிதாகிவிட்டன.

பாடம் பதியும் குழுக்களில் இருப்பவர்கள் முதல் ஃபைல் ஆயத்தமானதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். வீட்டில் ஒரு பழைய பிளேயரும் பெட்டி டிவியும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டு வைத்திருக்கிறேன், அங்கேயும் போட்டுப் பார்த்து அன்றைக்கே சொல்கிறேன். தட்டு அடிக்க டிவிடி ரைட்டர் உள்ள கணினி யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கரண்ட் உள்ள நேரம் பார்த்து வருகிறேன்.